கங்கை பொங்கிய கிணறும் எங்கள் தெருவும்

கார்த்திகை அமாவாசையன்று கும்பகோணத்துப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் கங்கை வரும். காசிக்குப் போக முடியாதவர்கள் எல்லாம் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். போன வருஷம் அண்ணியும் நானும் போனோம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் போனதில்லை.

கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் ஒரு மகான் இருந்தார். அவர் அப்பாவின் திவசத்தன்று கொல்லைப்பக்கம் ஒருவர் பசியோடு வந்து நின்றார். சேரிக்காரர். புரோகிதர்களுக்குச் சமைத்ததை மகான் அவருக்குப் போட்டுவிட்டார். கங்கையில் முழுகிவிட்டு வந்தால்தான் திவசம் என்று புரோகிதர்கள் முறுக்கிக்கொண்டார்கள். மகான் கிணற்றடியில் நின்று பாடினார். கங்கை பொங்கித் தெருவெல்லாம் வெள்ளம்.

சாப்பிட்டவர் எங்கள் சேரி ஆள் என்பது எங்கள் வீட்டுக் கட்சி. சேரியை இப்போது காலனி என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் அண்ணிக்குக் கோபம் வரும்.

"நம்ம ஆளு சாப்பிடலன்னா கங்கை எதுக்கு வரப்போவுது?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அங்க வந்து வாயத் தொறக்காதீங்க அண்ணி" என்றேன். எனக்குப் பயம். கும்பகோணத்தில் டீச்சராக இருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்பவர்கள் அடுத்ததாக எந்தத் தெரு என்பார்கள். அதற்குள் பேச்சை மாற்றுவதில் நான் மகா கெட்டிக்காரி.

வரிசை நகர நகர அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. விடியல் குளிரில் பல் தந்தியடிக்க, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு போனோம். கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தவர், "எந்த ஊருங்க?" என்றார். எல்லோரிடமும் கேட்பதுதான். நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன்.

"அன்னிக்கு வந்து சாப்பிட்டுப் போனாரே, அவரு வூட்டு ஆளுங்க நாங்க" என்றார் அண்ணி. "மகான் படத்துக்கு மாலை போட்டிருக்கீங்க. பசியோட வந்தவருக்கு ஒரு பூவாச்சும் வைக்கக் கூடாதுங்களா?"

வாளி அப்படியே நின்றது. பிறகு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பூ இல்லீங்க. தண்ணிதான் இருக்கு" என்று எங்கள் தலையில் வாளிமேல் வாளியாகக் கவிழ்த்தார். மூச்சு நின்று வந்தது. பைத்தியம் பிடித்த மாதிரி அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

வெளியே தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாள் மெல்லக் கிட்டே வந்து என்னிடம், "நீங்க எந்தத் தெரும்மா?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"காலனித் தெருங்க" என்றேன், ஊருக்கே கேட்கிற மாதிரி.