வழித்துக் கொட்டிய கற்கள்

ஒஸ்லோவில் நான் பார்த்த வேலைகளில் கல்லறைத் தோட்ட வேலைதான் எனக்குப் பிடித்தது. புல் வெட்டுவது, இலை வாருவது. போன வசந்தத்தில் முதன்முறையாக யூதர்களின் பகுதிக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே பல கல்லறைகளின் மேல் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் கிடந்தன. பிள்ளைகள் விளையாடிப் போட்டவை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கையால் வழித்து வாளியில் சேர்த்து, நடைபாதைச் சரளையில் கொட்டிப் பரப்பிவிட்டேன்.

மதியம் போல ஒரு முதியவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர். ஒரு கல்லறையின் முன்னால் நின்று, "இதன்மேல் இருந்த கற்கள் எங்கே?" என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"நான்தான் துப்புரவாக்கினேன்," என்றேன், பாராட்டுவார் என்று எண்ணி.

அவர் கல்லறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் பூவுக்குப் பதில் கல் வைத்துவிட்டுப் போவது தங்கள் வழக்கம் என்றார். அந்தக் கல்லறையில் அவருடைய தாய், தகப்பன் இருவரின் பெயர்களும் இருந்தன. உள்ளே அடக்கமாகியிருப்பது தாய் மட்டும்தான். தகப்பனை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிடித்து, இந்த நகரத் துறைமுகத்திலேயே கப்பலேற்றி, ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டுக்கு வந்து பிடித்தது ஜெர்மன்காரர் இல்லை. நோர்வே பொலிஸ்," என்றார். கைக்குழந்தையான அவரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு தாய் காட்டுவழியாகச் சுவீடனுக்குத் தப்பியிருக்கிறார்.

"அக்கா போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். அவள் கடைசியாக வைத்த கல்லும் இதில் இருந்தது."

நான் சரளையில் முழங்காலிட்டுத் தேடினேன். உருண்டையாகத் தெரிந்த சிலதைப் பொறுக்கிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அவளுடையது எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார். கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். இலங்கையில் போரில் இறந்த என் தம்பியை அடக்கம் செய்த துயிலும் இல்லத்தை, போராளிகளின் அந்தக் கல்லறைத் தோட்டத்தை, பிறகு இலங்கை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. அவனுடைய இடம் எது என்று இன்றுவரை தெரியாது.

"அவங்கள் தெரிஞ்சு செய்தவங்கள். நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள்," என்றாள்.

"அந்த மனுசனுக்கு ரெண்டும் ஒண்டுதானே?"



மறுநாள் மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். இப்போது அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், அந்தக் கற்களைத் தொடவேண்டாம் என்று நான்தான் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் நான் செய்ததையும் சொல்லிவிடுவேன்.

இலையுதிர் காலத்தில் முதியவர் மறுபடி வந்தார். புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வணக்கம் சொன்னேன். இலேசாகத் தலையசைத்தார். நான் அவ்விடத்தை விட்டுப் போகும்வரை கல்லறைக்குப் பக்கத்தில் போகாமல் நின்றார்.