தகர ஓட்டை வழியா வந்த கிரகணம்

எங்கம்மா வீட்டுலேர்ந்து நான் கொண்டுவந்த சீர்ல ஒரு பைனாகுலர் இருந்துச்சு. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கட்டில், அதோட ஒரு பைனாகுலர். எங்க தெருவுல பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருத்தர் இருந்தார். சொல்தான்னு சொல்லுவாங்க. கண்ணு மங்கிப்போனதும், இனிமே எனக்கு எதுக்குன்னு அதை எங்கப்பாகிட்ட குடுத்துட்டார். எங்கப்பாவுக்கு அதுல ஆசையில்ல, நான்தான் புடுங்கிக்கிட்டேன். மாடியில ஏறி மொத மொத நெலாவப் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. எவ்ளோ பள்ளம், எவ்ளோ மேடு. அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அழகா இருக்கும்னு நெனச்சிப் பாத்தவளுக்கு, அந்தப் பள்ளமும் மேடுந்தான் ரொம்பப் புடிச்சிப்போச்சு.

மில்லுல வேலை செய்யற குடும்பத்துல வாழ்க்கைப்பட்டேன். மாமியார் வீடு ஓட்டு வீடு, மாடி கெடையாது. சாயங்காலம் பாத்திரம் தேய்ச்சி முடிச்சதும், கை ஆடாம இருக்க வாசல் வேப்பமரத்துல சாஞ்சிக்கிட்டுப் பாப்பேன். வியாழனுக்குப் பக்கத்துல சின்னச்சின்னதா நாலு புள்ளி இருக்கும். இன்னைக்கு ஒரு பக்கம் மூணுன்னா நாளைக்கு ரெண்டா மாறியிருக்கும். "அங்க என்ன, உங்கப்பன் வூட்டு நெல்லு காயுதா?"ன்னு மாமியார் உள்ளேர்ந்து கேப்பாங்க. நானும் சும்மா இருக்கமாட்டேன். "ஆமா அத்தே, மழை வந்தா அள்ளணும், அதான் பாக்குறேன்"னுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அவரோட அண்ணனும் அந்த வீட்டுலதான் இருந்தார், நான் பெரியவர்னுதான் சொல்லுவேன். அவருக்குப் பொறக்கும்போதே மேலொதடு பிளந்திருந்துச்சு. மீசைய அடர்த்தியா விட்டு மறைச்சிருப்பார். பேச்சு மூக்குல வரும், அதனால பேச்சே கம்மி. பொண்ணு பாக்கப் போன எடத்துலெல்லாம் காப்பிய மட்டும் குடிச்சிட்டுத் திரும்பி வந்தாங்க, அப்புறம் போறதையே விட்டுட்டாங்க. எப்பவாச்சும் எங்கிட்ட பைனாகுலர வாங்கி நெலாவ ரொம்ப நேரம் பாத்துட்டு, "நல்லாருக்கு"ன்னு திருப்பிக் குடுப்பார்.

அவர வயித்துல சொமந்துக்கிட்டிருந்த எட்டாம் மாசத்துல, கிரகணம்னு தெரியாம மாமியார் ஒரு பரங்கிக்காய அரிஞ்சிட்டாங்களாம். அதனாலதான் ஒதடு பிளந்துச்சுன்னு, புள்ள பொறந்ததும் மாமனார் சொன்னாராம், அப்புறம் தெருவே சொன்னுச்சாம். மாமனார் சாவுற வரைக்கும் சொல்றத நிறுத்தலையாம். நான் போன காலத்துல அந்த வீட்டுக்குள்ள பரங்கிக்காயே வராது. பெரிய மார்க்கெட்டுல அதைக் குமிச்சி வெச்சிருக்குற பக்கம் போனா மாமியார் மூஞ்சத் திருப்பிக்குவாங்க. பெரிய புள்ளைக்குச் சோறு போடும்போதும் தட்டத்தான் பாப்பாங்க, மூஞ்சப் பாக்கமாட்டாங்க. ரொம்ப நாள் அதைப் பாசமில்லாத்தனம்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.

எண்பதாம் வருஷம் மாசி மாசம், பட்டப்பகல்ல சூரிய கிரகணம் வந்துச்சு. எனக்கு அப்ப நெறமாசம், மொதப் புள்ள. பொழுது விடிஞ்சதுலேர்ந்து ஊர்ல இதே பேச்சு. சூரியன நேராப் பாத்தா கண்ணு போயிடும், ஒரு அட்டையில ஊசியால ஓட்டை போட்டு, தரையில விழுற வெளிச்சத்தப் பாருங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. நானும் ஒரு அட்டையக் குத்தி வெச்சிருந்தேன். மாமியார் அதைப் புடுங்கி அடுப்புல போட்டுட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. வானத்துல தெனம் நடக்குறதையெல்லாம் தேடித் தேடிப் பாத்தவளுக்கு, ஆயுசுல ஒரு தடவ வர்றதப் பாக்கக் கூடாதுன்னா எப்படி இருக்கும்? கத்தினேன், ஒரு வேளை சாப்புடாம இருந்தேன். ஒண்ணும் நடக்கல.

வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிட்டார். மாமியார் என்னை மேற்கு அறையில பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. நகத்தக் கிள்ளக்கூடாது, சொறியக்கூடாது, காலை மடக்கக்கூடாது. ஒரு பொட்டு வெளிச்சம் வயித்து மேல படக்கூடாதுன்னு, பெரியவர் பழைய மண்ணெண்ணெய் டின்ன வெட்டி விரிச்சி, ஜன்னல்ல வெச்சி அடிச்சார். நடு அறையில தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, உலக்கைய நிமுத்தி நிக்கவெச்சாங்க. கிரகணம் புடிச்சிருக்குற வரைக்கும் உலக்கை நிக்கும், விட்டதும் தானா விழுந்துடும்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். அது விழாம யாரும் பச்சத்தண்ணி குடிக்கக்கூடாது, வாசப்படி தாண்டக்கூடாது. அடியில இரும்புப் பூண் போட்டு, மட்டமா அறுத்த உலக்கை அது. யாராச்சும் தட்டிவிட்டாலொழிய பொங்கல் வரைக்கும் நிக்கும். அதைச் சொன்னதுக்கு, வாயாடாம படுன்னாங்க.

தெருவுல ஒரு சைக்கிள் மணி சத்தம்கூட இல்ல. வெயில் மேற்க எறங்கி ஜன்னல் பக்கம் வந்தப்பதான் கவனிச்சேன். அந்தத் தகரம் எந்தக் காலத்துலயோ சல்லடையா இருந்ததோ என்னமோ, பூரா ஆணி ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை வழியாவும் ஒரு வெளிச்சம் தரையில விழுந்துச்சு. எல்லாம் வட்டமா இல்ல, ஒரு ஓரம் கடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் கேட்டது ஒரே ஒரு ஊசி ஓட்டை. கிரகணத்தத் தடுக்கன்னு அடிச்ச தகரம், ரூம்பு பூரா சின்னச்சின்ன சூரியன எறக்கி விட்டுடுச்சு. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

கடி பெருசாகி, எல்லாம் பிறையா ஆச்சு. தரையில இருந்தது நகந்து பாய்க்கு வந்துச்சு, பாய்லேர்ந்து என் வயித்துக்கு வந்துச்சு. அப்பதான் மாமியார் பாத்தாங்க. ஓடி வந்து, ஜன்னலுக்கும் எனக்கும் நடுவுல மண்டி போட்டு, என் வயித்த மறைச்சிக்கிட்டுக் குனிஞ்சிட்டாங்க. பிறையெல்லாம் அவங்க முதுகுல விழுந்துச்சு. அவங்க உடம்பு நடுங்குறது எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அவங்க மேல இருந்த கோவம் எனக்கு அந்த எடத்துல விட்டுப்போச்சு. இவங்க என்னை அடக்கிவெக்கலடி, பயந்து சாவுறாங்கன்னு நெனச்சேன்.

அந்த நேரத்துலதான் வலி எடுத்துச்சு. சூட்டு வலின்னு மொதல்ல கம்முனு இருந்தேன். கொஞ்ச நேரத்துல பாய் நனைஞ்சிடுச்சு. "அத்தே, பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்"னேன். அவங்க நடு அறையத் திரும்பிப் பாத்தாங்க. "கொஞ்சம் பொறுத்துக்கடியம்மா, உலக்கை விழட்டும்"னாங்க.

பொறுத்தேன். சொவத்துக்கு ஏறியிருந்த பிறைங்க மெல்லத் தடிச்சி, மறுபடி கடிச்ச வட்டமாகி, கடைசியில முழு வட்டமா வந்துடுச்சு. "விட்டுடுச்சு அத்தே, அஞ்சு மணிக்குள்ள விட்டுடும்னு ரேடியோவுலயும் சொன்னான்"னேன். "ரேடியோக்காரனா புள்ள பெத்தான்? உலக்கை நிக்குதே, அது பொய் சொல்லுமா?"ன்னாங்க. வலி என் இடுப்ப ஒடிச்சிப் போட்டுச்சு. உலக்கை ஆடாம அசையாம நிக்குது. என் புள்ளைய இந்தக் கட்டை கொன்னுடப்போவுதுன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. எழுந்து ஒதைக்கலாம்னா கால் தூக்கவே முடியல.

கதவுகிட்ட பெரியவர் நின்னுக்கிட்டிருந்தார். சொவத்தையே பாத்துக்கிட்டிருந்தார். "அம்மா, அது உண்மதான். எல்லாம் முழுசாயிடுச்சு பாரு"ன்னார் அந்த மூக்குக் கொரல்ல. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.

மாமியார் சொவத்தப் பாத்தாங்க. எழுந்து போயி, ஒரு வட்டத்துக்கு நேரா உள்ளங்கையக் காட்டினாங்க. கையில முழுசா ஒரு வட்டம் நின்னுச்சு. அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அப்புறம் விடுவிடுன்னு நடு அறைக்குப் போயி, உலக்கைய ரெண்டு கையாலயும் தள்ளிவிட்டாங்க. தாம்பாளம் கவுந்து தண்ணி வாசல் வரைக்கும் ஓடுச்சு.

"விழுந்துடுச்சு. ஓடிப்போயி வண்டியக் கூட்டியாடா"ன்னாங்க.

ரிக்‌ஷாக்காரங்க யாரும் வெளிய வரல. பெரியவரே ஒரு வண்டிய எடுத்துக்கிட்டு வந்து, பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் மிதிச்சார். மாமியார் என் தலைய மடியில வெச்சிக்கிட்டு, வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க. சாமிகிட்ட பேசினாங்களா, உலக்கைகிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா, தெரியல.

வெளக்கு வெச்ச பிற்பாடு பொண்ணு பொறந்தா. பிரசவம் பாத்த நர்ஸம்மா புள்ளையத் தொடச்சி மாமியார்கிட்ட குடுத்தாங்க. ஆணா பொண்ணான்னுகூடக் கேக்கல. லைட்டுக்கடியில கொண்டுபோயி, சுண்டுவெரலால அந்த ஒதட்டத் தடவித் தடவிப் பாத்தாங்க. "என்னம்மா தேடுறே?"ன்னு நர்ஸம்மா கேட்டாங்க. மாமியார் பரங்கிக்காய் கதையச் சொன்னாங்க. மூணாம் மனுஷிகிட்ட அவங்க அதைச் சொன்னது அதுதான் மொதத் தடவ.

நர்ஸம்மா கையக் கழுவிக்கிட்டே சொன்னாங்க. "ஒதடெல்லாம் ரெண்டாவது மாசத்துலயே கூடிடும்மா. கூடாதது அப்பவே கூடாமப் போயிடும். எட்டாம் மாசத்துல நீ பரங்கிக்காய அரிஞ்சா என்ன, பலாப்பழத்த அரிஞ்சா என்ன?"

"எத்தினியாவது மாசத்துல?"

"ரெண்டாவதுல."

மாமியார் இன்னொரு தடவயும் கேட்டாங்க. அப்புறம் புள்ளைய எம்பக்கத்துல படுக்கவெச்சிட்டு வெளிய போனாங்க. நடையில பெஞ்சுல பெரியவர் வேர்வையத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருந்தார். நான் படுத்திருந்த எடத்துலேர்ந்து கதவு வழியாத் தெரிஞ்சுது. அம்மாவப் பாத்ததும் எழுந்து நின்னு, "என்ன கொழந்தை?"ன்னு கேட்டார்.

அவங்க நேரா கிட்டப் போயி, அவர் மூஞ்ச ரெண்டு கையாலயும் புடிச்சி லைட்டுப் பக்கம் திருப்பினாங்க. மீசைய வெலக்கி, அந்த ஒதட்ட ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நான் பண்ணலடா"ன்னாங்க.

"நான் எப்பம்மா உன்னச் சொன்னேன்?"ன்னார் அவர்.