அக்காவின் பிஸ்கட்டைத் தொடாதவர்களுக்கு

அக்கா பெருமாள் திருவடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. தங்கையான நான்தான் எழுத வேண்டும் என்றார் அக்காவின் கணவர், அத்திம்பேர். "நினைவு மலர்ல நல்லதை மட்டும் எழுது" என்று சித்தப்பா சொல்லியனுப்பினார். அக்காவைப் பற்றி நல்லதைத்தான் எழுதுகிறேன். சித்தப்பாவைப் பற்றி நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருவள்ளூரில், கோயிலை ஒட்டிய தெருவில். அப்பா மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்தவர். அத்திம்பேருக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை என்பதால் புதுவாயலில் குடித்தனம். குழந்தை இல்லை என்று சொந்தக்காரர்களான நீங்களெல்லாம் குத்திக் காட்டிய வருடங்களில்தான் அக்கா பிஸ்கட் அலங்கார வகுப்பைத் தொடங்கினார். கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து கூடத்தில் உட்காருவார்கள். சர்க்கரைக் கலவையைக் கோனில் அடைத்து, பிஸ்கட்டின் மேல் மயிலும் தாமரையும் வரையக் கற்றுக்கொடுப்பார்.

"முதல்ல ஓரமா வரப்பு கட்டுங்கோ. அது காஞ்சப்புறம் நடுவுல பாய்ச்சுங்கோ. அவசரப்பட்டா உடைச்சுண்டு ஓடிடும்" என்பார். வயல் பார்த்து வளர்ந்த பெண்களுக்கு அதுவே போதும்.

அந்தக் கலவையில் மற்றவர்கள் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அக்கா கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரை பொங்க அடித்துச் சேர்ப்பார். மடப்பள்ளிக்காரர் பெண் வேறு எப்படிச் செய்வார்? என் மகளின் சீமந்தத்துக்குத் தாம்பாளம் நிறையச் செய்து வந்தார். முந்தின நாள் அவர் வீட்டில் வெள்ளை நுரையைப் பார்த்திருந்த சித்தப்பா, சபை நடுவே கத்தினார்.

"முட்டையப் போட்டு அடிச்சுட்டு இங்க எடுத்துண்டு வரயா?"

"கடலைத் தண்ணி சித்தப்பா. இங்கயே அடிச்சுக் காட்டட்டுமா?"

யாரும் பார்க்கத் தயாராக இல்லை. தாம்பாளம் அப்படியே திரும்பிப் போயிற்று. அதன்பின் அக்கா வீட்டில் நீங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம் வீட்டு விசேஷங்களில் அவரை அடுக்களைப் பக்கம் விடவில்லை. உங்கள் பேரக்குழந்தைகளின் பிறந்தநாளுக்குப் பேக்கரி கேக்கை வெட்டி விழுங்கும்போது மட்டும் உங்கள் ஆசாரம் எங்கே போயிருந்தது?

புற்றுநோயில் அவர் படுத்தபோது மாணவிகள்தான் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு வாய் கஞ்சி குடிச்சிக்கோக்கா. நான் எங்கயும் போவல, இங்கதான் குந்திகினு இருப்பேன்" என்று மாணவி அமுதா கெஞ்சுவாள். அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை: தன் வீட்டில் சித்தப்பா ஒரு பிஸ்கட் சாப்பிட வேண்டும். கூப்பிட்டோம், வந்தார். கையில் வாங்கிக்கொண்டு, "அப்புறமா சாப்பிடறேன்மா" என்றார். அக்கா சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா அதை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

கடைசிவரை உடனிருந்த அத்திம்பேருக்கும், அமுதாவுக்கும், மருந்துக்காக மீஞ்சூர்வரை அலைந்த பெண்களுக்கும் என் நமஸ்காரம். சொந்தக்காரர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இன்று உங்கள் கையில் கொடுத்த இந்த மலரோடு ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கிறது. அக்கா சொல்லிக்கொடுத்தபடி, கடலைத் தண்ணீரில் மாணவிகள் செய்தது. சாப்பிட மனமில்லாதவர்கள் அதை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். வாசலில் அமுதா நிற்கிறாள். இந்த மலரையும் சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.