செங்கோடன் விரல் பட்ட சிவப்புக் கார்

எழுபதுகளில் திருச்செங்கோடு பக்கம் பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் முதலில் செங்கோடன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். செங்கோடன் மெக்கானிக் இல்லை. பதினெட்டு வருஷம் பம்பாய் லைனில் லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்ததும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவர். கிளட்ச்சை மிதித்தே முட்டி போனது என்பார் அவர். உட்கார்ந்து தின்று உடம்பு வைத்ததால் போனது என்பாள் அவர் மனைவி பாவாயி.

பழைய வண்டியைப் பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. நேராக வண்டியிடம் போகமாட்டார். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, காலையில் அது எத்தனை உறுமலுக்குப் பிறகு கிளம்புகிறது, எத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்று விசாரிப்பார். அப்புறம் வண்டியை நாலடி நகர்த்தச் சொல்லி, அது நின்றிருந்த தரையைக் குனிந்து பார்ப்பார். பிரேக் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். எஞ்சினைக் கடைசியில்தான் திறப்பார். விற்கிறவன் எஞ்சினைத் துடைத்து வைத்திருப்பான், தரையைத் துடைக்க அவனுக்குத் தோன்றாது என்பது அவர் நினைப்பு.

பார்த்து முடித்ததும் ஒரே சொல்தான். ஆகும், அல்லது ஆகாது. ஆகும் என்றால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, வெற்றிலைக்கு எடுத்த சுண்ணாம்பில் மிச்சத்தை உள்சட்டத்தில் சுட்டு விரலால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். அந்தக் கோடு இருந்தால் வண்டிக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கூலி கிடையாது. வண்டிக்குப் பூஜை போடும் நாளில் தாம்பூலத் தட்டில் ஒரு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுப்பார்கள். ஆகாது என்று சொன்ன வண்டிக்கு அதுவும் கிடையாது. அந்த வட்டாரத்து வண்டிகள் இருந்த லட்சணத்துக்கு, அவர் பெரும்பாலும் பழைய வேட்டியோடுதான் திரிந்தார்.

கோட்டை அவர் விளையாட்டாகப் போட்டதில்லை. எழுபதாம் வருஷம், சொந்தக்காரன் ஒருவன் அவசரப்படுத்தினான் என்று, தரையைக்கூடப் பார்க்காமல் ஒரு லாரிக்குக் கோடு இழுத்துவிட்டார். மூன்றாம் மாதம் தொப்பூர் இறக்கத்தில் அதற்குப் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் ராசு உயிர் பிழைத்தான். வலது கால் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு வெற்றிலை பாக்குக் கடை வைத்து உட்கார்ந்துவிட்டான். செங்கோடன் தினமும் அங்கேதான் வெற்றிலை வாங்குவார். ராசு ஒரு நாளும் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சுண்ணாம்பைக்கூடச் சிரித்துக்கொண்டே கொடுப்பான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு மனம் ஒப்பாத ஒரு வண்டியிலும் அவர் விரல் பட்டதில்லை. எழுபத்தொன்பது வரைக்கும்.

அந்த வருஷம்தான் தங்கசாமி அவரைத் தேடி வந்தான். தங்கசாமி போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் முதலாளி. ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பூமியைத் துளைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். துளைத்த இடத்தில் எல்லாம் தண்ணீர் வந்ததா தெரியாது, தங்கசாமிக்கு வசதி வந்துவிட்டது. ஆனால் அவனோடு தொழில் தொடங்கிய இன்னொரு ரிக் முதலாளி வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, அதில் கறிக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். தங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்காரரு கிட்ட ரேஸ் காரு ஒண்ணு இருக்குதுங்ணா. இத்தாலிக்காரன் செஞ்சது. நீங்க வந்து ஒரு கோடு இழுத்தாப் போதும்" என்றான்.

"கோடு இழுக்கறதுக்கா, பாக்கறதுக்கா?" என்று கேட்டார் செங்கோடன்.

"ரண்டும் ஒண்ணுதானுங்களே."

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனார்கள். கார் செக்கச்செவேல் என்று, இடுப்பு உயரம்கூட இல்லாமல் ஷெட்டில் கிடந்தது. செங்கோடன் வழக்கம்போல் நாலடி நகர்த்தச் சொல்லித் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை கழுவித் துடைத்து ஈரமாக இருந்தது. அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து தரையைக் கழுவி வைத்த மனுஷனை அன்றுதான் பார்க்கிறார். பெடலைத் தொட்டுப் பார்த்தார். புது ரப்பர்.

தங்கசாமி ஆவலோடு முன்பக்க மூடியைத் தூக்கிவிட்டு, முகம் வெளுத்து நின்றான். உள்ளே எஞ்சின் இல்லை. ஒரு ஸ்டெப்னி டயரும் கொஞ்சம் காலி இடமும்தான் இருந்தன.

"எஞ்சினைக் கழட்டிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்ணா!"

எஸ்டேட்காரர் சிரித்து, எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, இந்த ஜாதிக் காருக்கு அதுதான் அழகு என்றார். தங்கசாமி உடனே, தனக்கு அது தெரியும், சும்மா கேட்டேன் என்றான். உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று செங்கோடன் கேட்டார். இத்தாலிக்குக் கடிதம் போட்டால் எட்டு மாதத்தில் கப்பலில் வந்துவிடும் என்று பதில் வந்தது. கார் கடைசியாக எப்போது மலை இறங்கியது என்று எஸ்டேட் காவல்காரரைத் தனியாகக் கேட்டார்.

"லாரி மேல ஏறி வந்துச்சுங்க. எறங்குனதை நான் பாக்கலீங்க" என்றார் அவர்.

எஸ்டேட்காரர் சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் தங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டான். ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று செங்கோடனை உள்ளே உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை, விழுந்தார். சீட்டு அத்தனை பள்ளத்தில் இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் எஸ்டேட்காரர் அங்கே இருக்க, லாரியில் டிரைவர் உட்காரும் வலது பக்கம் இவருக்கு வந்திருந்தது. வாயில் போட்ட வெற்றிலையும் விரலில் எடுத்த சுண்ணாம்புமாக அப்படியே விழுந்து கிடந்தார். வண்டி இரண்டு வளைவு சீறிக்கொண்டு போயிற்று. மூன்றாவது வளைவில் முதுகுக்குப் பின்னால் அடுப்புபோலக் கொதித்தது, நின்றுவிட்டது. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வரிசையாக நின்று காரை ஷெட்டு வரைக்கும் தள்ளினார்கள். யாரும் அவர்களுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. செங்கோடனுக்கு அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை.

இறங்கத்தான் முடியவில்லை. முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. கதவின் உள்சட்டத்தைப் பிடித்து, முருகா என்று எம்பி, எப்படியோ வெளியே வந்து நிமிர்ந்தார்.

"ஆகாது" என்றார்.

தங்கசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்சட்டத்தில், எந்த இடத்தில் வழக்கமாக இழுப்பாரோ அதே இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

"அண்ணன் வாய்தானுங்க ஆகாதுங்குது. கை ஆகும்னு சொல்லிப்போட்டுதே!"

"அடேய், அது புடிச்சு எந்திரிச்சதுடா."

"உங்க கை பொய் சொல்லாதுங்ணா" என்று தங்கசாமி அந்த விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆசை வந்துவிட்ட மனுஷனுக்குக் காது ஒரு அலங்காரம்தான்.

கார் ரிக் லாரி மேல் ஏறித் திருச்செங்கோட்டுக்கு வந்தது. கோடு அழிந்துவிடக் கூடாது என்று, லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டரை வரவழைத்து அதன் மேல் வார்னிஷ் அடிக்கச் செய்தான் தங்கசாமி. ஆயுத பூஜையன்று ஊரே கூடியது. செங்கோடனும் போனார், நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள், தங்கசாமியின் மனைவி சென்னியம்மாள் தாம்பூலத் தட்டில் வேட்டியும் துண்டும் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். எரிகிற சூடத்துக்கு முன்னால், நல்ல காரியத்தில், ஒரு பெண் நீட்டுகிற தட்டை எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நாற்பதடி ஓடி, எதிரிலிருந்த ஷெட்டுக்குள் நுழைந்து, தானாகவே நின்றது. அதற்குப் பிறகு அது கிளம்பவில்லை.

இதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. ஷெட்டிலேயே கிடக்கிற கார் எப்படி ரோட்டில் நிற்கும்? தங்கசாமி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "செங்கோடண்ணன் பாத்துக் குடுத்த காரு. இத்தனை வருசத்துல ஒரு நா நடுரோட்டுல நின்னுருக்குதா, சொல்லுங்க!" நியாயம்தான், யாராலும் மறுக்க முடியவில்லை. செங்கோடனின் பேர் ராசிபுரம், பள்ளிபாளையம் எல்லாம் தாண்டிப் போயிற்று. அதே சமயம் அவருடைய 'ஆகாது'வுக்கு மதிப்புக் குறைந்தது. ஏதாவது லாரியை ஆகாது என்றால், "அந்தக் காருக்கும் மொதல்ல அப்படித்தான சொன்னீங்களாம்" என்று சிரித்துக்கொண்டு போய் வாங்கினார்கள். அவர் அந்த வேட்டியைக் கட்டவே இல்லை. பெட்டிக்கு அடியில் கிடந்தது. பாவாயி அதைப் பற்றி வாய் திறந்தால் வெளியே எழுந்து போய்விடுவார்.

எண்பத்தாறில் தங்கசாமி கோழிப் பண்ணை வைத்தான். தீவன மூட்டை அடுக்க ஷெட்டு தேவைப்பட்டது. காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்ட இரண்டாம் வாரமே ஆத்தூரிலிருந்து சுவாமிநாதன் என்கிற ஜவ்வரிசி ஆலைக்காரர் வந்துவிட்டார். அவருக்கும் காரைப் பற்றித் தெரியாது. கோட்டைப் பற்றித் தெரியும்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்ணா" என்று தங்கசாமி வந்து கேட்டுக்கொண்டான். "சும்மா காருக்குப் பக்கத்துல நில்லுங்க. மிச்சத்தைக் கோடு பேசிக்கும்."

செங்கோடன் பெட்டியைத் திறந்து அந்த வேட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க, அது எதுக்கு?" என்றாள் பாவாயி. "ஏழு வருசம் தாமசமாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டைத் திறந்தபோது ஓட்டுகிற சீட்டில் ஒரு கோழி அடையில் இருந்தது. அது கோபமாக இறங்கிப் போனது. சுவாமிநாதன் கதவைத் திறந்து, கோட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேள்விப்பட்டேங்க. இதுவரைக்கும் நடுவழியில ஒரு தபாகூட நின்னதில்லையாமே? எங்க ஊட்டுப் பசங்களையும் இதுலதான் ஸ்கூலுக்கு அனுப்பப் போறேன்."

குழந்தைகள் என்றதும் செங்கோடனுக்குத் தொப்பூர் இறக்கம் கண்ணில் வந்தது. சென்னியம்மாளைக் கூப்பிட்டு அவள் கையில் வேட்டியைக் கொடுத்தார்.

"அன்னைக்கே வாங்கியிருக்கக் கூடாதும்மா. தப்பு என்ற மேல" என்றார். பிறகு சுவாமிநாதனைப் பார்த்தார். "இந்தக் காரு அன்னைக்கும் ஆகாது, இன்னைக்கும் ஆகாது. இது நான் இழுத்த கோடில்லீங்க. எந்திரிக்க மாட்டாம புடிச்ச கை."

தங்கசாமி பதறினான். "அண்ணன் வெளையாடறாருங்க. கோடு பொய் சொல்லுமுங்களா?"

சுவாமிநாதன் கோட்டையும் பார்த்தார், மனுஷனையும் பார்த்தார். அவருக்கும் கோட்டின் மேல்தான் நம்பிக்கை விழுந்தது தெரிந்தது. செங்கோடன் தோள் துண்டை நனைத்துக் கோட்டைத் துடைத்தார். வார்னிஷுக்கு அடியில் கோடு பத்திரமாக இருந்தது. மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, அதன் முனையால் சுரண்டத் தொடங்கினார்.

"அய்யோ, இத்தாலி பெயிண்டுங்ணா!" என்று தங்கசாமி கத்தினான்.

மூன்றாவது இழுப்பில் பெயிண்டு மட்டும் வரவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி பெயர்ந்து, கோட்டோடு சேர்ந்து கையில் வந்தது. சட்டத்தில் துருப்பிடித்த ஓட்டை. அதற்குள் சுருட்டித் திணித்த பழைய இங்கிலீஷ் பேப்பர். எங்கேயோ, எவன் கையிலோ மோதி நசுங்கிய கார். இதைச் செங்கோடனும் எதிர்பார்க்கவில்லை. அவர் அன்று பார்த்ததெல்லாம் தரையையும், தள்ளின பெண்களையும்தான்.

சுவாமிநாதன் குனிந்து அந்தப் பேப்பரை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதை மடித்துக் காரின் மேல் வைத்துவிட்டு, "ஏங்க, ஆத்தூர்ல ஒரு லாரி விலைக்கு வருதுங்க. அடுத்த வாரம் வந்து பாக்க முடியுங்களா?" என்று செங்கோடனைக் கேட்டார். சென்னியம்மாள் தங்கசாமியைப் பார்த்துச் சொன்னாள். "அவரு அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்காரு. உங்களுக்குத்தான் கேக்கல." கோழி திரும்பி வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செங்கோடன் கோட்டோடு பெயர்ந்த அந்தப் பட்டிச் சில்லை மடியில் முடிந்துகொண்டு நேராக ராசுவின் கடைக்குப் போனார். முடிச்சை அவிழ்த்துக் காட்டி, நடந்ததைச் சொன்னார். ராசு விழுந்து விழுந்து சிரித்தான். பெயிண்டு பெயர்ந்தபோது தங்கசாமியின் முகம் எப்படி இருந்தது என்று இரண்டு தடவை கேட்டான். வெற்றிலையை எடுத்து வைத்தான், பாக்கு வைத்தான். சுண்ணாம்பு டப்பாவை எடுத்த கை பாதியில் நின்றது.

"என்ற வண்டியையும் இப்படி ஒருக்காச் சுரண்டிப் பாத்திருக்கலாமுங்ணா" என்றான்.

பதினாறு வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. வலித்தது. ஆனால் ராசு சிரிக்காமல் அதைச் சொன்னதில், நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் அசைந்த மாதிரியும் இருந்தது.

"ஆமாண்டா ராசு. சுரண்டியிருக்கோணும்" என்றார்.

ராசு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினான். செங்கோடன் எடுத்துக்கொண்டார்.