பிரேக்கம்மா கட்டிய பக்கம்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அதை யாரும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'பிரேக்கம்மா'. ஸ்டீயரிங் கற்றுக்கொள்பவர் கையில் இருக்கும். பக்கத்து இருக்கையில் இவர் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். நாய் வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். இப்படி ஊரார் உயிரைக் காப்பாற்றிக் காப்பாற்றியே வலது முழங்கால் தேய்ந்துபோனது. இனிமேல் அந்தக் கார் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பள்ளியின் முதலாளி நல்லவர்தான். ஆனால் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு நல்லவர் இல்லை.

"ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு மேடம். நம்ம பள்ளிக்கு வெப்சைட் போடணும், அதை யாராவது பார்த்துக்கணும். நீங்க கத்துக்கிட்டு வந்தா அது உங்களுக்கு. இல்லேன்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தார். ஆனாலும் ஊர்க் கல்லூரியில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

அது ஒரு நீளமான அறை. சுவரோரமாகக் கம்ப்யூட்டர்கள், சக்கரம் வைத்த நாற்காலிகள். முதல் நாளே பிரேக்கம்மாவின் நாற்காலி பின்னால் உருண்டது. அவர் கால் தானாக மேசைக்கு அடியில் பிரேக்கைத் தேடியது. சுற்றிலும் இருந்த பிள்ளைகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். வகுப்பெடுக்க வந்த ஆசிரியைக்கும் வயது அதிகமில்லை. இவரைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஏன் என்று இவருக்குப் பிடிபடவில்லை. அதற்கப்புறம் அங்கே பிடிபடாமல் போன பலவற்றில் அது முதலாவது.

எழுத்தைப் பெரிதாக்க அதற்கு முன்னால் ஒரு குறி, அதை நிறுத்தப் பின்னால் ஒரு குறி. திறந்ததை மூட வேண்டும். அதுவரைக்கும் சரி, கதவுக்கும் அதுதான் சட்டம். ஆனால் அடுத்த வகுப்பிலேயே, வெப்சைட் பக்கத்தில் இருப்பது எல்லாமே பெட்டிதான் என்றாள் ஆசிரியை. தலைப்பு ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. பெட்டிக்கு உள்ளே விடும் இடம் வேறு, வெளியே விடும் இடம் வேறு. பிரேக்கம்மா தன் பள்ளிக்காகச் செய்த பக்கத்தில், வெளியே விட வேண்டியதை உள்ளே விட்டார். பயிற்சிக் காரின் படம் நகர்ந்து போய் பள்ளியின் போன் நம்பர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிடப் பார்த்தார், படம் காணாமலே போனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

இதுகூடப் பரவாயில்லை. மறுநாள் வந்து திறந்தால் படம் அதன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. போன் நம்பரும் தெளிவாகத் தெரிந்தது.

நாம்தான் சரிசெய்துவிட்டு மறந்துபோனோமோ? அன்றைக்கு வேறொன்றைக் கெடுத்தார். அடுத்த நாள் அதுவும் சரியாகியிருந்தது. எதைச் செய்ததால் கெட்டது, எதைச் செய்ததால் சரியானது என்று ஒரு எழவும் புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். அவர் மருத்துவமனை கேன்டீனில் சமையல்காரர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்.

"உன்னைப் பார்த்து பயந்திருக்கும். தானாவே திருந்திடுச்சு. நான் திருந்தலையா?"

"விளையாடாதீங்க. எனக்கு மூளை குழம்பிடுச்சோன்னு பயமா இருக்கு."

நிஜமாகவே பயந்தார். பரீட்சையில் தனியாக உட்கார்ந்து ஒரு பக்கத்தை முழுசாகச் செய்துகாட்ட வேண்டும். தேறினால்தான் அந்த நாற்காலி. தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே தெரியாமல் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

ஒரு நாள் வேண்டுமென்றே தலைப்பின் மூடும் குறியை அழித்தார். பக்கம் முழுக்க எழுத்துகள் வீங்கிப்போயின. அதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, எல்லோருடனும் கிளம்புவதுபோல் வெளியே வந்தார். வாசல்வரை நொண்டிப் போய்விட்டு, குடையை மறந்துவிட்ட பாவனையில் திரும்பினார். அறையில் ஆசிரியை மட்டும் இருந்தாள். அவளுடைய திரையில் பிரேக்கம்மாவின் பக்கம். அழித்த குறியை அவள் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கோபம்தான் பொங்கியது.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? நானே எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டேன்!"

ஆசிரியை எழுந்து நின்றுவிட்டாள். "இங்கேயிருந்து எல்லாரோட வேலையையும் திறக்கலாம்மா. நீங்க திருதிருன்னு முழிச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்க. மத்தவங்க சிரிக்கக் கூடாதேன்னு..." அவள் கீபோர்டைத் தள்ளிவைத்தாள். "உங்க முகம் மாறினா எனக்கு இன்னும் பயம் வந்துடுது. நான் உங்ககிட்டதான் கார் கத்துக்க வந்தேன். ஞாபகம் இல்லையா?"

எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஞாபகம் இல்லை.

"பாதியில விட்டுட்டேன். வண்டி நின்னா, நிறுத்தினது நீங்களா நானான்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியலை. ஒருநாள் நான் சரியாத்தான் பிரேக் போட்டேன்னு நினைச்சேன். குனிஞ்சு பார்த்தா உங்க கால் அங்கே இருந்தது."

பிரேக்கம்மா திரையில் இருந்த தன் பக்கத்தைப் பார்த்தார். தனக்கும் அதுதானே நடந்தது? கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையை நிறுத்தினார். "இனிமே என் பக்கத்துல நீ கை வைக்கக் கூடாது. அது குட்டிக்கரணம் போட்டாலும் சரி. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வா, கார் கத்துத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், முதலாளியிடம் கேட்டு வரவழைத்த பயிற்சிக் கார் நின்றது. ஆசிரியை ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பிரேக்கம்மா பின் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"அம்மா, அங்கேயா?"

"இங்கேதான். எடு."

வண்டி துள்ளியது, விக்கியது, நின்றது. மறுபடி துள்ளியது. ஓரத்தில் இருந்த காலிக் குப்பைத்தொட்டியை இடித்து உருட்டிவிட்டு நின்றது.

"யாரு நிறுத்தினது?" என்றார் பிரேக்கம்மா.

"நான்தாம்மா!" என்று கத்தினாள் ஆசிரியை. பரிசு வாங்கியவள் மாதிரி இருந்தது அவள் குரல். பின்சீட்டில் மிதிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பிரேக்கம்மாவின் கால் தரையை அழுத்தியபடியேதான் இருந்தது. அன்று ராத்திரி முழங்கால் விண்விண்ணென்று வலித்தது.

பரீட்சை நாளில் ஆசிரியை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரேக்கம்மாவின் திரையில் எழுத்துகள் திடீரென்று வீங்கின. மண்டை காய்ந்தது. நிமிர்ந்து பார்த்தார், ஆசிரியை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிவரியாக விரல் வைத்துத் தேடினார். மூடாத குறி ஒன்று அகப்பட்டது. மூடினார். வீக்கம் வடிந்தது. இந்தத் தடவை யார் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் கார் படம் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய் நின்றது. எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடவில்லை, நேரமும் முடிந்துவிட்டது. தட்டுத்தடுமாறித் தேறினார்.

முதலாளி அந்தப் பக்கத்தைத் தன் மேசையில் திறந்து பார்த்தார். மேலே போனார், கீழே போனார், நம்பரைச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். இந்தக் கார் ஏன் இப்படி ஓரமா நிக்குது? வேற யாரையாவது கூப்பிட்டு சரிபண்ணச் சொல்லட்டுமா?"

பிரேக்கம்மா அந்த ஆபீஸ் நாற்காலியை இழுத்து, வலது காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏன் நிக்குதுன்னு எனக்கும் தெரியலை சார். ஆனா அங்கே நிறுத்தினது நான்தான். யாரும் தொடாதீங்க, நானே எடுக்கிறேன்."