நாலு விரல் தண்ணீர்

அம்மா போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருடம். காரியத்துக்கு வந்து எங்களோடு நின்ற சொந்தக்காரர்களுக்கும், வர முடியாமல் போனவர்களுக்கும் அம்மா நினைவாகப் போடும் இந்தப் புத்தகம் வந்து சேரும். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது திட்டக்குடிப் பக்கம், ஏரி வாய்க்காலின் கடைசி ஊர். "எங்க வயலுக்கு வர்றதுக்குள்ள தண்ணிக்கே வயசாயிடும்" என்று சிரிப்பார். விருத்தாசலத்துக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா அணைக்கட்டில் லஸ்கர். சக்கரத்தைச் சுற்றி ஆற்று ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. அப்பா மாரடைப்பில் போய் மூன்று வருடம் கழித்துத்தான் வாரிசு வேலை அம்மாவுக்கு வந்தது. அந்த மூன்று வருடத்தில் நான் பள்ளியை விட்டு, செராமிக் கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு தேய்க்கப் போய்விட்டேன்.

முதல் நாள் கரையில் ஆம்பிளைகள் கூடி நின்றார்கள்.

"பொடவ கட்டிக்கிட்டு ஷட்டர் தூக்கப் போறியாம்மா?"

"சக்கரத்துக்குப் பொடவையும் தெரியாது வேட்டியும் தெரியாதுண்ணே. சுத்துனா சுத்தும்."

தண்ணீர் குறைந்த மாதங்களில் மேல் ஊர்க்காரர்கள் மூடச் சொல்வார்கள், கீழ் ஊர்க்காரர்கள் திறக்கச் சொல்வார்கள். நடுவில் அம்மா. "தண்ணிய கடலுக்கு வுட்டுட்டு எங்க வயலக் காயப் போடுறியா?" என்று ஒருவர் கேட்டார். "கடலுக்குப் போற வழியெல்லாம் மனுஷங்க இருக்காங்க" என்றார் அம்மா. உத்தரவில் என்ன இருந்ததோ அதற்கு மேல் ஒரு சுற்றும் சுற்ற மாட்டார்.

அம்மாவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஷட்டரையும் முதலில் நாலு விரல் உயரம்தான் தூக்குவார். பிறகு ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா நிற்பார். கீழே துணி துவைக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், மணல் அள்ளுகிறவர்கள் கால் நனைந்ததும் தானாகக் கரை ஏறிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் முழுசாகத் தூக்குவார்.

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகையில் ஒரு நாள் மதியம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். எங்கள் ஊரில் தூறல்தான். டீக்கடைக்குப் போன் வந்தது: மேலே ஏரியைத் திறந்தாயிற்று, ஓடைத் தண்ணீரும் சேர்ந்துவிட்டது, எல்லா ஷட்டரையும் உடனே தூக்க வேண்டும். அளவுக்கல்லில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. தாமதித்தால் கரை உடைந்து மேல் தெருவுக்குள் போய்விடும்.

"நாலு விரலுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. நீ ஓடு. கீழ ஆத்து வளைவு வரைக்கும் போய்ப் பாத்து, இருக்கறவங்கள ஏத்தி வுட்டுட்டு வா" என்றார் அம்மா.

ஓடினேன். துவைக்கிறவர்களை ஏற்றினேன். ஆட்டுக்காரரை ஏற்றினேன். வளைவுக்கு முன்னாலேயே நின்று ரெண்டு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மணல் அள்ளுகிறவர்கள் அணைக்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தால், பிடிபடுவோம் என்று பதில் கொடுக்காமல் ஒதுங்கி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வழியெல்லாம் கருவேல முள். எனக்கு ரெண்டு மணிக்குக் கம்பெனியில் ஷிப்ட். திரும்பிவிட்டேன்.

"ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்கம்மா."

"வளைவுல?"

"அங்கயும் பாத்துட்டேன்."

அம்மா சக்கரத்தைச் சுற்றினார்.

வளைவில் மணல் ஏற்ற ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் தப்பிக் கரை ஏறியிருக்கிறார். மாடுகள் நுகத்தில் கட்டியபடி நிற்பதைப் பார்த்து அவிழ்க்க இறங்கியிருக்கிறார். மறுநாள் நாலு ஊர் தள்ளி அவரையும் ரெண்டு மாடுகளையும் பிணமாக எடுத்தார்கள்.

விசாரணையில் அம்மா, "நான் பாக்காம தூக்கிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டில் நான் அழுதேன்.

"நான் போய் சொல்லிடறேம்மா."

"வாயத் தொறக்காத. சக்கரம் என் கையிலதான் இருந்துச்சு. உன்னய யாரு வேலைக்கு வச்சது?"

அதற்குப் பிறகு அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சோறு குறைந்தது, சர்க்கரை ஏறியது, கால் புண் ஆறவில்லை. கடைசி வாரம் கடலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டே வலது கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாலு விரலை நீட்டிக் காட்டுவார். தண்ணீர் கேட்கிறார் என்று நர்ஸம்மா நினைத்தார்கள்.

புத்தகச் செலவு மாமாவுடையது. இதை எழுதுவதாகச் சொன்னதும், "அது எதுக்குடி? அக்காவப் பத்தி பெருமையா நாலு வரி எழுது, போதும்" என்றார். "பெருமைதான் மாமா எழுதுறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு மாற்றி மாற்றித் துணைக்குப் படுத்த சித்திக்கும், வண்டி வைத்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், லீவு கொடுத்த கம்பெனி மேஸ்திரிக்கும், தோள் கொடுத்த லஸ்கர்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் வண்டிக்காரரின் மனைவி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "உங்கம்மா மேல கோவம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒப்புக்கிட்டாங்க இல்ல. அந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். புத்தகம் போட்டால் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆறாவது படிக்கிற பையன் படித்துக் காட்டுவானாம்.

அந்தப் பையன் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது. அச்சாகி வரும் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். பையனை வெளியே அனுப்பச் சொல்லி, இந்தப் பக்கத்தை நானே படிப்பேன். மற்ற புத்தகங்கள் அதற்கப்புறம்தான் உங்கள் கைக்கு வரும்.