'மு' எழுத்துக்கு யார் பாடியது

ஜப்பானில் ஐசு மலைப்பக்கம் ரயில் சுரங்கப்பாதை வெட்டிய எங்கள் முகாமில் மெஸ்ஸை நடத்தியவள் கினுவே. நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. நூற்றிருபது பேருக்குச் சோறும் மிசோ சூப்பும் கருவாடும் தினம் மூன்று வேளை அவள் கையால்தான். கனத்த குரல். அடுப்படியில் ரேடியோ ஓயாது, ரேடியோ ஓய்ந்தால் அவள் ஓயமாட்டாள்.

சாப்பிட வருகிறவர்களோடு அவளுக்கு ஒரு போட்டி உண்டு. அவள் ஓர் எழுத்தைச் சொல்வாள். அந்த ஓசையில் பெயர் தொடங்கும் பாட்டு ஒன்றைச் சொல்லி முதல் வரியைப் பாட வேண்டும். 'அ' என்றால் மழைப் பாட்டுகள் நிறைய உண்டு, மழை 'அமே' அல்லவா. 'யு' என்றால் பனிப் பாட்டு, பனி 'யுகி'. 'மு' என்றால் கோதுமைப் பாட்டு, கோதுமை 'முகி'. தோற்றவனுக்கு அன்றைக்கு ஊறுகாய் கிடையாது. வெடி வைக்கிற தொராகிச்சி மட்டும் தோற்றுவிட்டு வம்பு பண்ணுவான். "உன் ஊறுகாயைத் தின்னு செத்தவனைவிட வெடியில செத்தவன் கம்மி" என்பான். அவனும் வகுயியும் இருபது வருஷமாக ஒரே வெடிக் கூட்டாளிகள். வகுயி அமைதியானவன். பாட வந்தால் சுருதி எங்கோ போகும், அவன் எங்கோ போவான். அவன் மனைவி ஹிசாயோ மெஸ்ஸில் காய் நறுக்குகிறவள். அவன் பாடும்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

1961 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுரங்கத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. உள்ளே ஐந்து பேர் அடைபட்டார்கள்: மேஸ்திரி ஓனோதேரா, வகுயி, தொராகிச்சி, அக்கித்தாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். தொராகிச்சியின் கால் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது. இடிபாட்டுக்குள் நசுங்காமல் தப்பியது ஒரே ஒரு காற்றுக் குழாய்தான். அதன் மறுமுனை வெளியே, என் கம்ப்ரசர் கொட்டகையில் இருந்தது. கம்ப்ரசர் ஓட்டுவது என் வேலை.

அந்தக் குழாயில் காற்றும் அனுப்பலாம், பேசவும் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. பேச வேண்டுமென்றால் நான் எந்திரத்தை நிறுத்த வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம், அதற்குமேல் கூடாது என்று இன்ஜினியர் முரோயி கடிகாரத்தோடு நின்றார். உள்ளே காற்று கெட்டிருக்கும், தூங்கவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முரோயிக்கு இருபத்தெட்டு வயது. முதல் நாள் முழுக்க "தைரியமா இருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை விடியும்போது உள்ளிருந்து வந்த பதில்கள் இழுக்க ஆரம்பித்தன.

கஞ்சிப் பாத்திரத்தோடு வந்த கினுவே அதைக் கேட்டாள். சுரங்கத்துக்குள் பெண் கால் வைத்தால் மலைத் தெய்வத்துக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். கொட்டகை சுரங்கத்துக்கு வெளியேதானே, யாரும் அவளைத் தடுக்கவில்லை. குழாய் முனையில் மாட்டியிருந்த ரப்பர் டியூபை முரோயி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மேஸ்திரி, நான் கினுவே. 'அ'வுல ஆரம்பிக்கிறோம். அஞ்சு பேரும் சொல்லணும். சொல்லாதவனுக்குக் கஞ்சி கிடையாது."

இப்படித்தான் அது தொடங்கியது. கால் மணிக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஐந்து பாட்டு. காதில் டியூபை வைத்துக் கேட்பவள் அவள் ஒருத்திதான். கேட்டதும் ஆளின் பெயரையும் பாட்டையும் உரக்கச் சொல்வாள். முரோயி காகிதத்தில் குறித்துக்கொள்வார். கடைசியாகப் பாடுவது எப்போதும் வகுயி. அவன் பெயர் வந்ததும், கொட்டகை வாசலில் பனியில் நின்ற ஹிசாயோ மூச்சு விடுவாள். அப்புறம் நான் எந்திரத்தை ஓட்டுவேன்.

'க' வரிசை போயிற்று, 'ச' போயிற்று. சுரங்கத்துக்குள் எங்கள் ஆட்கள் மண்ணை வாரி வாரிப் போட, மேலிருந்து பாதி திரும்ப விழுந்துகொண்டிருந்தது. நண்பகலுக்குப் பிறகு 'ம' வந்தது. ஐந்து பேரும் சொன்னார்கள். 'மி'யில் வகுயி பாட்டின் பெயரை மட்டும் சொன்னான், வரி பாடவில்லை.

'மு'. கினுவே கேட்டாள், நான்கு பெயர் சொன்னாள். ஐந்தாவதற்கு நேரமாயிற்று. டியூபைப் பிடித்திருந்த அவள் கை விரல்கள் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"வகுயி. கோதுமைப் பாட்டு" என்றாள்.

ஹிசாயோ மூச்சு விட்டாள். முரோயி குறித்துக்கொண்டார். நான் எந்திரத்தை ஓட்டினேன்.

நடந்தது என்னவென்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மரத்தூண் சரிந்ததில் வகுயிக்கு நெஞ்சில் அடி. அவன் யாரிடமும் சொல்லவில்லை. 'மி'க்கும் 'மு'வுக்கும் நடுவில் ஓனோதேராவின் தோளில் சாய்ந்தவன் அப்படியே அடங்கிவிட்டான். விளக்குகள் அணைந்து கும்மிருட்டு. நாலு முழம் தள்ளி, கால் மாட்டிக் கிடந்த தொராகிச்சிக்கு இது தெரிந்தால் அவனும் விட்டுவிடுவான் என்று மேஸ்திரி பயந்தார். குரலைக் கொஞ்சம் மாற்றி, வகுயிக்காக அவரே பாடினார். ஆனால் ஓனோதேரா நல்ல பாட்டுக்காரர். வேண்டுமென்று சுருதி பிசக அவருக்கு வரவில்லை. கோதுமைப் பாட்டு சுத்தமாக வந்தது. கினுவே அந்த நொடியிலேயே புரிந்துகொண்டாள். அது தனக்காகப் பாடப்பட்டதல்ல, இருட்டில் கிடக்கும் ஒருவனுக்காக என்பதும் அவளுக்குப் புரிந்தது.

மே, மோ, ய, யு, யோ. ஒவ்வொரு முறையும் வாசலில் ஹிசாயோ நின்றாள். ஒவ்வொரு முறையும் கினுவே அவள் முகத்தைப் பார்க்காமல் "வகுயி" என்று சொல்லி ஒரு பாட்டின் பெயரையும் சொன்னாள்.

பிறகு 'ர' வந்தது. எங்கள் பேச்சில் 'ர'வில் தொடங்கும் சொந்தச் சொல் கிடையாது. இருப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. மெஸ்ஸில் எல்லோரும் தோற்கிற எழுத்து அது. மேஸ்திரி ஒரு ரேடியோப் பாட்டைச் சொன்னார். சகோதரர்கள் திணறித் திணறி ஆளுக்கொன்று சொன்னார்கள். தொராகிச்சி பேசவில்லை.

"தொராகிச்சி அண்ணே, 'ர'."

ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. காற்றைத் திறக்கச் சொன்னார் முரோயி. என் கை எந்திரத்தின் பிடியில் இருந்தது. கினுவே என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்பத் திறந்தா அவன் தூங்கிருவான். கையை எடு" என்றாள். நான் எடுத்தேன். மற்ற நான்கு பேர் உள்ளே மூச்சு முட்டக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் எடுத்தேன்.

"மேஸ்திரி, அவனை அறைங்க" என்றாள் டியூபில். "டேய், இத்தனை வருஷம் என் ஊறுகாயைப் பழிச்சியே. ஒரு 'ர'வுக்கு வக்கில்லையா உனக்கு?"

மூன்று நிமிஷம். முரோயி என்னைத் தள்ளிவிட்டுப் பிடியில் கை வைத்தார். அப்போது கினுவே கையை உயர்த்தினாள்.

"என்ன? சத்தமாச் சொல்லு... ரக்கியோவா?"

ரக்கியோ என்பது எங்கள் வெங்காய ஊறுகாய்.

"அப்படி ஒரு பாட்டே கிடையாதுடா" என்றாள்.

உள்ளிருந்து என்னவோ சொன்னான். அவள் முகம் கோணியது. "இப்ப இருக்காம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு டியூபைக் கீழே வைத்தாள். நான் காற்றைத் திறந்தேன். வகுயியின் பெயரை அந்த முறை யாரும் கேட்கவில்லை. ஹிசாயோ மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். கினுவே அவள் பக்கம் திரும்பி, "அவனும் சொன்னான்" என்றாள்.

அந்த ரக்கியோப் பாட்டு உண்டா இல்லையா என்று விடிய விடியக் குழாயிலேயே சண்டை போட்டுத் தொராகிச்சியை விழிக்க வைத்தாள். வியாழன் காலை பத்து மணிக்கு வழி கிடைத்தது. மூன்று பேர் நடந்து வந்தார்கள். தொராகிச்சியைத் தூக்கி வந்தார்கள். கால் போயிற்று, உயிர் நின்றது. கடைசியாக வகுயியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். உடம்பு விறைத்திருந்ததைப் பார்த்த டாக்டர் முந்தின நாளே போயிருக்கும் என்றார். ஹிசாயோ அதைக் கேட்டாள்.

காரியங்கள் முடிந்து மூன்றாம் நாள் அவள் மெஸ்ஸுக்கு வந்து, முள்ளங்கி நறுக்க உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரிஞ்சது?"

"'மு'வுல."

ஹிசாயோ கொஞ்ச நேரம் நறுக்கினாள். "அதுக்கப்புறமும் மறுநாள் காலை வரைக்கும் எனக்குப் புருஷன் இருந்தான். அதுக்காக உன்னை அடிக்கணுமா கும்பிடணுமான்னு எனக்குத் தெரியல, அக்கா."

அந்த மாசக் கடைசியில் ஹிசாயோ பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

கினுவே மெஸ்ஸை விடவில்லை. ரேடியோ ஓடியது, போட்டி மட்டும் நின்றது. அடுத்த மூன்று குளிர்காலமும் ஓனோதேரா நடந்ததைச் சொல்ல ஹிசாயோ வீட்டுக்குப் போனார், மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. நான்காம் முறை கினுவேயும் கூடப் போனாள். கதவு திறந்தது. ஹிசாயோ மேஸ்திரியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கினுவே ரோட்டோரம் பனியில் ஒரு மணி நேரம் நின்றாள். மேஸ்திரி வெளியே வந்ததும் இருவரும் நடந்தார்கள். ஸ்டேஷனில் ஆளுக்கொரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, நாலு பத்து ரயிலில் திரும்பி வந்தார்கள்.